பறித்த நிலத்தின் விலை (பூர்வகுடிகளும் நகரங்களும் – 11)

சென்ற பகுதியில் கண்ட டக்ளஸ் உடன்படிக்கைகள் 1850க்கும் 1854க்கும் இடையே வான்கூவர் தீவில் கையெழுத்தாகி முடிந்த பிறகு, பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆட்சியாளர்கள் பூர்வகுடிகளிடமிருந்து நிலத்தை முறையாக எழுதி வாங்கும் வழக்கத்தையே கைவிட்டனர். வடகிழக்கு மூலையில் எட்டாம் உடன்படிக்கைக்கு உட்பட்ட பரப்பை நீக்கிவிட்டால், அம்மாகாணத்தின் பெரும்பகுதி எவ்வித உடன்படிக்கையும் இல்லாமலேயே குடியேறிகளின் வசமாயிற்று. 1886இல் நகராகப் பதிவு பெற்ற வான்கூவர் எழுந்து நின்ற மண்ணும் அத்தகையதே. ஃபிரேசர் ஆற்றின் கழிமுகத்தில் வாழ்ந்த மஸ்குவியம் மக்களும், பரார்ட் நுழைகுடாவிலிருந்து வடக்கே ஹௌ சவுண்ட் வரை பரவியிருந்த ஸ்குவாமிஷ் மக்களும், அதே நுழைகுடாவின் வடகரையில் வாழ்ந்த ஸ்லே-வாட்டூத் மக்களும் இந்நிலத்தை யாருக்கும் விற்கவில்லை, எழுதிக் கொடுக்கவில்லை, போரில் தோற்று இழக்கவுமில்லை. இந்த உண்மையை வான்கூவர் நகர மன்றம் 2014 ஜூன் மாதத்தில் தீர்மானமாகவே நிறைவேற்றி ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதனால் ஒரு சதுர அடி நிலமும் கைமாறிவிடவில்லை என்பதையும் உடன் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்நிலையில் அம்மக்கள் தம் மூதாதையர் மண்ணில் ஒரு குடியிருப்பை எழுப்ப விரும்பினால் யாருடைய அனுமதியைப் பெற வேண்டும் என்ற கேள்விக்கு விடை, அந்த நிலத்தோடு அவர்களுக்குள்ள உறவின் தொன்மையில் இல்லை. நிலத்தின் ஆவணத்தில் இருக்கிறது. கனடாவின் நகரங்களில் பூர்வகுடிகளின் கைவசம் உள்ள நிலம் பெரும்பாலும் இருவகைப்படும். முதலாவது ‘ரிசர்வ்’ எனப்படும் ஒதுக்க நிலம். அதன் சட்டபூர்வ உரிமை கனடிய முடியரசிடமும், அனுபவ பாத்தியதை ஒரு குறிப்பிட்ட சமூகத்திடமும் இருக்கும். மாகாணத்தின் நிலப் பயன்பாட்டுச் சட்டங்களும் நகராட்சியின் மண்டல விதிகளும் அதன் எல்லைக்கு வெளியே நின்றுவிடும். இரண்டாவது, எவரும் சந்தையில் வாங்குவதைப் போலக் கிரயம் கொடுத்து வாங்கிய முழுவுரிமை நிலம். இதில் உரிமை கேள்விக்கு இடமின்றி அச்சமூகத்தினுடையதே எனினும், அங்கே ஒரு மாடி கூடுதலாக எழுப்புவதற்கும் நகர மன்றத்தின் வாசலில் காத்திருக்க வேண்டும். வான்கூவரில் ஒரே தலைமுறைக்குள், ஏறத்தாழ ஒரே மக்கள், இவ்விரு வழிகளிலும் அரசுடன் கைகோத்துத் திட்டமிட்டனர் என்பதால், இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நகரம் வேறில்லை.

முதல் வழியின் வரலாறு செனாக் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. ஃபால்ஸ் கிரீக் என்ற கடற்கழியின் வாயிலில், இன்று கிட்சிலானோ எனப்படும் வசதி படைத்த குடியிருப்புக்கு அருகில் இருந்த இவ்வூர், 1869இல் 37 ஏக்கர் ஒதுக்க நிலமாக அளந்து தரப்பட்டு, 1877இல் ஏறத்தாழ 80 ஏக்கராக விரிவாக்கப்பட்டது. கொடுத்ததை ஒவ்வொரு துண்டாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வேலையும் விரைவிலேயே தொடங்கிவிட்டது. கனடியன் பசிபிக் ரயில்வே நிறுவனத்துக்காக 1886இலும் 1902இலும் பாதைக்கான நிலம் கையகப்படுத்தப்பட்டது. பின்னர் 1913 ஏப்ரலில், மாகாண அரசின் சட்டத்துறைத் தலைவர் வில்லியம் பௌசரின் முன்முயற்சியில், குடும்பத் தலைவர் ஒருவருக்கு 11,250 டாலர் என்று பேசி, எஞ்சிய மக்களும் வெளியேற்றப்பட்டனர்; அவர்கள் படகில் ஏற்றி அனுப்பப்பட்டதும் அவர்களுடைய வீடுகள் எரிக்கப்பட்டன. ஒதுக்க நிலத்தை அச்சமூகத்தின் ஒப்புதலோடு மத்திய அரசிடம் மட்டுமே ஒப்படைக்க முடியும், மாகாணமோ தனியாரோ நேரடியாக விலை பேசுவது செல்லாது என்று பூர்வகுடிகளுக்கான அன்றைய ‘இந்தியர் சட்டமே’ தெளிவாகச் சொல்லியிருந்தது. சட்டத்தைக் காக்க வேண்டிய துறையின் தலைவரே அதைக் காற்றில் பறக்கவிட்டார்.

பதினாறு சிறு குழுக்கள் 1923இல் இணைந்து உருவான ஸ்குவாமிஷ் சமூகம், அரை நூற்றாண்டுக்குப் பின் 1977இல் நீதிமன்றத்தை நாடியது. வழக்கு நீண்டது, அதன் ஊடே இன்னொரு சிக்கலும் முளைத்தது. கிட்சிலானோ ஒதுக்க நிலத்தில் தங்களுக்கும் பங்குண்டு என்று மஸ்குவியம், ஸ்லே-வாட்டூத் சமூகங்களும் உரிமை கோரின. ஆண்டுக்கணக்கில் நடந்த விசாரணைக்குப் பின் 2001இல் மத்திய நீதிமன்றம், அந்நிலம் ஸ்குவாமிஷ் மக்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தது. இதற்கு முந்தைய ஆண்டிலேயே, இழந்த பெரும்பகுதிக்கு ஈடாக 92.5 மில்லியன் டாலர் பெற்றுக்கொள்ளும் சமரசத்தை ஸ்குவாமிஷ் உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்றிருந்தனர். ஆனால் ரயில்வே எடுத்த துண்டுகள் அந்தச் சமரசத்துக்கு வெளியே இருந்தன. 1980களில் ரயில் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. ரயில் பாதைக்கென்று எடுத்த நிலம் அப்பயன்பாடு முடிந்ததும் உரியவருக்கே திரும்ப வேண்டும் என்ற வாதத்தை 2002இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. எண்பது ஏக்கரில் திரும்பி வந்தது பத்தரை ஏக்கர். அதன் வடிவமும் விசித்திரமானது: 1932இல் கட்டப்பட்ட பரார்ட் பாலத்தின் அடியிலும் இருபுறமும், கைவிடப்பட்ட ரயில் பாதை வளைந்து சென்ற தடத்திலேயே அது வளைந்து கிடந்தது. பிற்காலத்தில் அங்கே எழுந்த கோபுரங்கள் ஏன் அத்தனை நெருக்கமாகவும், பாலத்தை ஒட்டினாற் போலவும் நிற்கின்றன என்று வியப்பவர்கள் 1886ஆம் ஆண்டின் ரயில்வே வரைபடத்தையும் பார்க்க வேண்டும்.

நிலம் திரும்பியதும் கட்டடம் எழுந்துவிடவில்லை. 2019இல்தான் ஸ்குவாமிஷ் சமூக மன்றம், வெஸ்ட்பேங்க் என்ற கட்டுமான நிறுவனத்துடன் இணைந்து வாடகை வீடுகளைக் கட்டும் திட்டத்தை வெளியிட்டது. ஒதுக்க நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கு உறுப்பினர்களின் வாக்கெடுப்பு தேவை என்பது சட்ட விதி. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் கூட்டு ஒப்பந்த விதிகளை 87 சதவீதத்தினர் ஆதரித்தனர். சுமார் 3,000 வீடுகள் என்று தொடங்கிய கணக்கு 6,000 வரை உயர்ந்து, பதினொரு கோபுரங்களாக உருப்பெற்றது. வான்கூவரின் வேறெந்தப் பகுதியிலும் இத்தனை குறுகிய பரப்பில் இவ்வளவு வீடுகளை ஒருவர் கேட்டிருந்தால், மண்டல மாற்றத்துக்கான பொது விசாரணையே சில ஆண்டுகளை விழுங்கியிருக்கும். இங்கே அப்படியொரு விசாரணைக்கே இடமில்லை. ஒரு வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் என்ற நகராட்சியின் கணக்கும் கட்டுப்படுத்தாது என்பதால், பத்தில் ஒரு வீட்டுக்குத்தான் கார் நிறுத்துமிடம் கிடைக்கும் என்ற அளவில் திட்டம் வகுக்கப்பட்டது. கட்டடங்களைச் சூடாக்குவதற்கான ஆற்றலின் பெரும்பகுதியை, அருகில் ஓடும் கழிவுநீர்க் குழாயின் வெப்பத்திலிருந்தே எடுக்கும் ஏற்பாடும் அதில் அடங்கும்.

நகராட்சியின் சட்டம் செல்லாது என்பதனால் நகராட்சியே தேவையில்லை என்று ஆகிவிடாது. ஆறாயிரம் வீடுகளுக்குத் தண்ணீர் வர வேண்டும், கழிவுநீர் போக வேண்டும், தீயணைப்பு வண்டி வர வேண்டும். ஒதுக்க நிலத்தில் நகராட்சி வரி விதிக்க முடியாது என்பதால், இச்சேவைகளுக்கு உரிய தொகையை ஒப்பந்தப்படி செலுத்துவதே வழி. 2022 மே மாதத்தில் ஸ்குவாமிஷ் சமூகமும் நகராட்சியும் 120 ஆண்டுகளுக்கான சேவை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒப்பந்தம் மூடிய அறையில் பேசி முடிக்கப்பட்டது என்று குறைகூறி அக்கம்பக்கத்து வீட்டு உரிமையாளர்களின் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2022 செப்டம்பரில் அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ அடிக்கல் விழாவுக்கு வந்தபோது, மத்திய அரசின் வீட்டுவசதிக் கழகம் 1.4 பில்லியன் டாலர் கடன் வழங்கும் என்று அறிவிக்கப்பட்டது. அக்கழகத்தின் வரலாற்றிலேயே அதுவரை வழங்கப்பட்ட மிகப்பெரிய கடன் அது. ஆக, இவ்வழியில் அரசின் பங்கு இரண்டு: நகராட்சி சேவையை விற்றது, மத்திய அரசு கடன் கொடுத்தது. எங்கே, எத்தனை மாடி, யாருக்கு வாடகை என்ற முடிவுகளில் இரண்டுக்கும் இடமிருக்கவில்லை. அக்கம்பக்கத்தாரின் குரலுக்கு இங்கே வழியில்லாமல் போனது உண்மையே; 1913இல் செனாக் மக்களின் குரலுக்கு வழி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மையே.

இரண்டாம் வழிக்கு வருவதற்கு முன், அரசு பேச்சுவார்த்தை மேசைக்கு வந்து அமர்ந்த காரணத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது; ஏனெனில் அது அரசின் பெருந்தன்மையால் நிகழ்ந்ததாகப் பல வெளியீடுகள் காட்ட முயல்கின்றன. உண்மையில் அதை நிகழ்த்தியவை மஸ்குவியம் மக்கள் அடுத்தடுத்துத் தொடுத்த வழக்குகள். 1958இல் அவர்களுடைய ஒதுக்க நிலத்தில் 162 ஏக்கரை ஒரு கோல்ஃப் சங்கத்துக்கு 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மத்திய அரசு அதிகாரிகள், சமூகத்தாரிடம் பேசிய நிபந்தனைகளை விட்டுவிட்டு, அதைவிடத் தாழ்ந்த நிபந்தனைகளுக்குக் கையெழுத்திட்டனர். முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு ஆண்டு வாடகை 29,000 டாலர் மட்டுமே. குத்தகைப் பத்திரத்தின் படி மஸ்குவியம் மக்களின் கைக்கு வந்ததே 1970இல்தான். டெல்பர்ட் கெரின் என்ற தலைவரின் பெயரால் அறியப்படும் அவ்வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம் 10 மில்லியன் டாலர் இழப்பீடு வழங்கியதோடு, பூர்வகுடிகளின் நிலத்தைக் கையாளும்போது அரசு ஒரு தருமகர்த்தாவைப் போல அவர்கள் நலனையே முன்னிறுத்தக் கடமைப்பட்டது என்ற நெறியையும் நிறுவியது. 2004இல் ஹைடா மக்களின் வழக்கில், உரிமை நிரூபிக்கப்படாத நிலையிலும், உரிமை கோரப்பட்ட நிலத்தில் கைவைக்கும் முன் அரசு கலந்தாலோசிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே மஸ்குவியம் மக்கள் அந்தத் தீர்ப்பைப் பயன்படுத்தி, பல்கலைக்கழக கோல்ஃப் மைதானத்தை மாகாண அரசு பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு விற்றதை எதிர்த்து வென்றனர்.

அந்த வெற்றியின் பலனாக 2008இல் முடிந்த உடன்படிக்கையில், அம்மைதானமும், அருகிலிருந்த ஏறத்தாழ 22 ஏக்கர் காடும், 20 மில்லியன் டாலரைச் சற்றுத் தாண்டிய தொகையும் மஸ்குவியம் மக்களுக்குக் கிடைத்தன. மைதானம் 2083 வரை மைதானமாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. திரும்பக் கொடுத்த நிலத்தை எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் புல்தரையாகவே வைத்திருக்கச் சொல்லும் ஒரு மீட்பை எப்படி மதிப்பிடுவது என்பதை வாசகரிடமே விட்டுவிடலாம். எனினும் அரசு அலுவலகங்கள் ஒரு பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டன: வான்கூவரில் உபரி அரசு நிலத்தை இம்மூன்று சமூகங்களை ஒதுக்கிவிட்டு விற்க முயன்றால், அந்த விற்பனை நீதிமன்றத்தில் சிக்கி ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

சமூகங்களும் தம் பங்குக்கு ஒரு பாடம் கற்றன. 2001 வரை ஒரே நிலத்துக்காக எதிரெதிர் வரிசையில் அமர்ந்து வாதாடிய மூன்று சமூகங்கள், தமக்குள் எல்லைத் தகராறு நீடிக்கும் வரை லாபம் மூன்றாம் தரப்புக்கே என்பதை உணர்ந்து, 2014இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. எந்த நிலம் யாருடைய மூதாதையருடையது என்ற வாதத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, பொதுவில் வாங்கும் நிலத்தில் மூவரும் சமபங்கு கொள்வது என்பது அதன் சாரம். இந்தக் கூட்டணியே பின்னர், மூவரின் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆன எம்.எஸ்.டி. மேம்பாட்டு நிறுவனமாக உருக்கொண்டது. இத்தொடரில் விவரிக்கப்படும் நிகழ்ச்சிகளில் இதுவே ஆகப் பெரிய அரசியல் சாதனை. ஆனால் செய்தித்தாள்கள் கோபுரங்களின் உயரத்துக்குக் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இதற்குக் கொடுக்கவில்லை.

2014 அக்டோபரில் கூட்டணி தன் முதல் பெரும் கொள்முதலைச் செய்தது. கனடா லேண்ட்ஸ் என்பது மத்திய அரசுக்குச் சொந்தமான நிறுவனம். அரசுத் துறைகளுக்குத் தேவைப்படாமல் போன நிலங்களை வாங்கி மேம்படுத்தி விற்பது அதன் தொழில். டொரண்டோவின் புகழ்பெற்ற சி.என். கோபுரமும் அதன் உடைமையே. மூன்று சமூகங்களும் அந்நிறுவனமும் பாதிக்குப் பாதி என்ற கணக்கில் கூட்டு நிறுவனம் அமைத்து, ஜெரிக்கோ படைமுகாமின் 52 ஏக்கரையும், மத்தியக் காவல் படையின் மாகாணத் தலைமையகம் இருந்த ஹெதர் தெருவின் 21 ஏக்கரையும், மேற்கு வான்கூவரில் ஒரு சிறு துண்டையும் வாங்கின. ஜெரிக்கோவின் மேற்குப் பாதியில், பார்வையற்றோருக்கும் செவித்திறன் அற்றோருக்குமான அரசுப் பள்ளி நெடுங்காலம் இயங்கிவந்த 38.8 ஏக்கர் மாகாண அரசின் வசம் இருந்தது. அதை 2016இல் மூன்று சமூகங்களும் தனியாகவே 480 மில்லியன் டாலருக்கு வாங்கின.

இங்கே சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும். நகர மன்றமே எழுதிக் கொடுக்கப்படாத நிலம் என்று ஒப்புக்கொண்ட இடத்தை, அதன் உரியவர்கள் சந்தை விலையில் வாங்கினர். அந்தப் பணம், அதை இலவசமாக எடுத்துக்கொண்ட அரசின் கஜானாவுக்கே போயிற்று. அதோடு படைமுகாம் இருந்த கிழக்குப் பகுதியின் எதிர்கால லாபத்திலும் பாதி மத்திய அரசின் நிறுவனத்துக்கு உரியது. கூட்டாண்மை என்ற சொல் இங்கே தாங்குவதற்கு மேல் பாரம் சுமக்கிறது. ஆனாலும் அச்சமூகங்களின் தலைவர்கள் கண்ணைத் திறந்துகொண்டேதான் இதில் இறங்கினர் என்பதையும் மறைக்கக் கூடாது. உரிமை வழக்கு நடத்தினால் இன்னும் முப்பது ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் நிலம் வேறு கைக்குப் போய்விடும். வாங்கிவிட்டால் இன்றே மேசையின் எதிர்ப்புறத்தில் அமரலாம். இதுவே அவர்கள் போட்ட கணக்கு.

மேசையில் அமர்ந்தனரே தவிர, மேசை நகராட்சியுடையதாகவே இருந்தது. முழுவுரிமை நிலம் என்பதால் ஜெரிக்கோ, நகராட்சியின் திட்ட நடைமுறை முழுவதற்கும் உட்பட்டது. அந்நடைமுறை பல படிகளைக் கொண்டது: எத்தகைய குடியிருப்பு, எவ்வளவு பூங்கா, எவ்வளவு உயரம் என்ற பொது நெறிகளைக் கொள்கை அறிக்கை வகுக்கும், அதைச் சட்ட வடிவில் அதிகாரபூர்வ மேம்பாட்டுத் திட்டம் நிலைநிறுத்தும், பிறகு பகுதி பகுதியாக மண்டல மாற்றம், அதற்கும் பிறகே ஒவ்வொரு கட்டடத்துக்கும் அனுமதி. ஜெரிக்கோவில் முதல் படிக்கான வேலை 2019இல் தொடங்கியது. மூன்று சமூகங்களின் பண்பாட்டுத் தொடர்பாளர்கள் கட்டட வடிவமைப்பாளர்களுடன் அமர்ந்து பணியாற்ற, 2021இல் இரு வரைவுகள் மக்கள் பார்வைக்கு வந்தன: ஒன்றில் தெருக்களும் திறந்தவெளிகளும் விரித்த சிறகுகளோடு கூடிய கழுகின் உருவில் அமைந்தன; மற்றொன்றில், இம்மூன்று சமூகங்களும் அடங்கிய கோஸ்ட் சேலிஷ் மக்களின் நெசவைப் போல ஒன்றோடொன்று பின்னிச் சென்றன. பூர்வகுடிகளின் பண்பாட்டை முகப்புச் சுவரில் ஓர் ஓவியமாக ஒட்டிவிட்டுப் போகும் பழைய வழக்கத்தோடு ஒப்பிட்டால், தெருவின் போக்கையே அதிலிருந்து எடுத்த இம்முயற்சி ஒரு மாற்றந்தான்.

எதிர்ப்பும் தாமதமின்றி வந்தது. இரண்டு மாடி வீடுகள் வரிசையாக நிற்கும் வெஸ்ட் பாயிண்ட் கிரே பகுதியின் நடுவே 49 மாடிக் கோபுரங்கள் வரப்போகின்றன என்று தெரிந்ததும் அப்பகுதியினர் ஒன்றுதிரண்டனர். மாற்று வரைபடங்களை வெளியிட்டனர். அவர்களுடைய வாதங்களில் நிழல், நெரிசல், கட்டுமானத்தின் கரியமில வெளியீடு ஆகியவை இருந்தன. நிலத்தின் வரலாறு மிக அரிதாகவே இருந்தது. இறுதியில் 2024 ஜனவரியில் நகர மன்றம் கொள்கை அறிக்கையை ஏற்றது: ஏறத்தாழ 13,000 வீடுகள், 24,000 மக்கள், பல்கலைக்கழகத்தை நோக்கி நீட்டத் திட்டமிட்ட ஸ்கைட்ரெயின் தடத்தில் ஒரு நிலையம். நிலத்தை வாங்கிய நாளிலிருந்து முதல் படியை ஏறி முடிக்கவே ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டன. அதற்குள் செனாக்கில் திட்டம் வெளியாகி, வாக்கெடுப்பு நடந்து, ஒப்பந்தம் முடிந்து, கோபுரங்கள் எழத் தொடங்கிவிட்டன.

ஹெதர் தெரு நிலத்தின் பயணம் இதைவிட எளிதாக அமைந்தது. 2018இல் கொள்கை அறிக்கையும் 2022இல் மண்டல மாற்றமும் நிறைவேறின. இங்கே கவனத்துக்குரியது வீடுகளை விற்கும் முறை: நிலத்தைச் சமூகங்களின் உடைமையாகவே வைத்துக்கொண்டு, 99 ஆண்டுக் குத்தகையில் வீடுகளை மட்டும் விற்பது. ஒரு முறை இழந்ததை இன்னொரு முறை கைவிடுவதில்லை என்ற உறுதி இதில் தெரிகிறது. குத்தகையில் ஆபத்தும் உண்டு என்பதை மஸ்குவியம் மக்கள் பட்டறிந்தவர்கள். 1960களில் அவர்களுடைய ஒதுக்க நிலத்தில் 99 ஆண்டுக் குத்தகைக்கு வீடு கட்டியவர்களின் வாடகையை 1990களில் திருத்தியபோது வழக்கு மூண்டு, ஒதுக்க நிலம் என்பதனாலேயே அதன் மதிப்பைச் சந்தை விலையில் பாதியாகக் கொள்ள வேண்டும் என்று 2000இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவாயிற்று. அந்தப் பாதி விலைக் கணக்கு, ஒதுக்க நிலம் அல்லாத ஹெதரில் எழாது. 2024 செப்டம்பரில் மாகாண முதல்வர் டேவிட் ஈபி, இங்கே 2,600 வீடுகளை முதல் முறை வாங்குவோருக்கு விலையில் 60 சதவீதத்துக்குத் தரவும், எஞ்சிய 40 சதவீதத்தை மாகாணம் ஏற்று, வீட்டை விற்கும்போதோ 25 ஆண்டு முடிவிலோ திரும்பப் பெறவும் ஒரு திட்டத்தை அறிவித்தார். நிலத்தை விற்றுப் பணம் பெற்ற அரசுகள், அதே நிலத்தில் வீட்டு நெருக்கடியைத் தீர்க்க அதன் உரியவர்களை நாடி வந்த கட்டம் இது.

ஜெரிக்கோவின் தாமதத்துக்கு நகராட்சி ஊழியர்களையோ அக்கம்பக்கத்தாரையோ மட்டும் குறைசொல்வது பொருந்தாது. நிலத்தை விற்ற இரு அரசுகளும், பணத்தைப் பெற்றுக்கொண்டபோதே, அதைத் திட்டமிடும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்க முடியும். வாங்கிய நிலத்தை ஒதுக்க நிலமாக மாற்றிச் சேர்க்கும் சட்ட வழி கனடாவில் ஏற்கெனவே உண்டு. வான்கூவரில் அவ்வழி கையாளப்படவில்லை. மனிடோபா மாகாணத்தின் வின்னிபெக் நகரில் அது நடந்தது. 2004இல் காலியான கபியாங் படைமுகாமை மத்திய அரசு தானாகவே கைமாற்ற முயன்றதை எதிர்த்து முதலாம் உடன்படிக்கைச் சமூகங்கள் வழக்காடி வென்றன. 2019இல் சமரசம் முடிந்து, 2022 டிசம்பரில் அந்நிலத்தின் பெரும்பகுதி நாவி-ஊடேனா என்ற பெயரில் நகர்ப்புற ஒதுக்க நிலமாயிற்று. அடுத்த பகுதி அதைப் பற்றியது.